வராத டேப்லட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்

கல்லூரி அட்மிஷன் நேரம் வந்துவிட்டால், காரைக்குடியில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பலரும் இன்னும் வெளிவராத டேப்லட்டைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். "அடுத்த மாசம் புதுசு வருதாமே, வெலை பாதியாமே?" கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீசும் பார்க்கிற எனக்கு, இதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே எந்த வதந்தி எங்கிருந்து கிளம்புகிறது என்று பிடிபட்டுவிட்டது. காத்திருந்தே ஒரு செமஸ்டரைத் தொலைத்த பிள்ளைகளையும், பணம் கட்டி ஏமாந்தவர்களையும் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

எல்லா வதந்தியும் வெறும் புரளி இல்லை. இந்தியாவில் ஒரு டேப்லட்டை விற்க வேண்டுமானால் பிஐஎஸ் என்கிற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். அமெரிக்காவில் வைஃபை, ப்ளூடூத் உள்ள கருவி விற்பனைக்கு வர அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் அனுமதி வேண்டும். இந்தப் பட்டியல்களில் புதிய மாடல் எண் ஒன்று தென்பட்டதும் செய்தி பறக்கத் தொடங்கும். அது கெட்டியான தடயம்தான், பொருள் ஒன்று தயாராகிறது என்று நம்பலாம். ஆனால் இந்தியாவில் என்ன விலை, எந்தத் தேதியில் கடைக்கு வரும் என்பது அந்தப் பட்டியலில் இருக்காது.

அதற்கடுத்த தடயம் கவர் செய்கிறவர்களிடமிருந்து வருவது. முதல் நாளே கவர் விற்றாக வேண்டும் என்பதால், கசிந்து வந்த அளவுகளை வைத்து முன்கூட்டியே அச்சு வார்த்துவிடுவார்கள். நீள அகலம், கேமரா இருக்கும் இடம் பெரும்பாலும் சரியாக வரும். சில சமயம் மொத்த லாட்டும் வீணாகும். சோதனைக்கு விடப்படும் மென்பொருளில் புது மாடலின் அடையாளம் கிடைப்பதும் உண்டு.

நம்பகத்தில் இதற்குக் கீழேதான் சந்தை ஆய்வாளர்களின் கணிப்பு. அவர்கள் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் விசாரித்துச் சொல்கிறார்கள். அதுவும் தவறும். இந்தத் துறையில் பெயர் பெற்ற மிங்-சி குவோ, மடிக்கும் ஐபேட் 2024-ல் வரும் என்று 2023 ஜனவரியில் சொன்னார். 2024 முடிந்தது, வரவில்லை. 2023 அக்டோபரில் "இந்த வாரமே புது ஐபேட்கள்" என்று செய்தி பரவியது. ஆப்பிள் அறிவித்தது ஐபேடில் எழுத, வரைய உதவும் யுஎஸ்பி-சி பென்சிலை மட்டும். அந்த ஆண்டு முழுக்கப் புதிய ஐபேட் ஒன்றுகூட வெளியாகவில்லை. அந்த நேரத்தில் "வந்ததும் வாங்கிக்கிறோம்" என்று திரும்பிப் போனவர்களுக்கு எத்தனை மாதம் வீணாகியிருக்கும்?

கடைசியில் இருப்பது யூடியூப் முகப்புப் படம். யாரோ கணினியில் வரைந்த டேப்லட், மேலே சிவப்பு எழுத்தில் விலை. எங்களிடம் காட்டப்படுவதில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

விலைக் கணிப்புதான் எல்லாவற்றிலும் நம்பத்தகாதது. முதல் ஐபேட் வரும் முன் ஆயிரம் டாலர் என்று பேசிக்கொண்டார்கள். 2010 ஜனவரி 27 அன்று மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்ன தொடக்க விலை 499 டாலர். வெளியீட்டுக்குக் கொஞ்ச காலம் முன்புகூட வெளியாட்களுக்கு விலை தெரிந்திருக்கவில்லை. அப்படியிருக்க, டாலர் விலையை இன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்கி "இந்திய விலை" என்று போடுகிறவர்களை எப்படி நம்புவது? 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது, கம்பெனி நம் நாட்டுக்கென்று வைக்கும் விலை தனி. இறக்குமதி விதிகளும் மாறும். 2023 ஆகஸ்ட் 3 அன்று லேப்டாப், டேப்லட் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று மத்திய அரசு திடீரென்று அறிவித்து, அடுத்த நாளே அதை அக்டோபர் கடைசி வரை தள்ளிவைத்தது. இதையெல்லாம் எந்த வதந்தி முன்கூட்டிச் சொன்னது?

பேட்டரி பற்றியும் வருஷா வருஷம் ஒரு கதை வரும், ஒரு சார்ஜில் மூன்று நாள் என்று. நம் ஊரிலேயே சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1953 முதல் மின்வேதியியல் ஆராய்ச்சி நடக்கிற இடம், பேட்டரி ஆராய்ச்சியும் அதில் ஒன்று. ஆய்வகத்தில் கைகூடிய ஒன்று தொழிற்சாலைக்குப் போய், பாதுகாப்பு சோதனை தாண்டி, நம் கைக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்று காரைக்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் ஐபேடுக்கு ஆப்பிள் சொன்னது பத்து மணி நேரம். இத்தனை வருடம் கழித்து வரும் ஐபேடுகளுக்கும் அதே பத்து மணி நேரம்தான். கருவி மெலிந்தது, வேகம் கூடியது, திரை பளிச்சென்று ஆனது. பேட்டரி நேரம் மட்டும் அங்கேயே நிற்கிறது.

அப்படியானால் காத்திருப்பதே தப்பா என்றால், இல்லை. இந்தியாவில் முதல் ஐபேட் விற்பனைக்கு வந்தது 2011 ஜனவரி கடைசியில். மார்ச் 2 அன்று ஐபேட் 2 அறிவிப்பு வந்துவிட்டது. அன்று ஒரு மாதம் பொறுத்தவர்கள் புத்திசாலிகள். இதைக் கணிக்க வதந்தி தேவையில்லை, பழைய தேதிகளே போதும். ஐபேட் ப்ரோ மாடல்கள் 2021 ஏப்ரல், 2022 அக்டோபர், 2024 மே, 2025 அக்டோபர் என்று வந்தன. ஏறக்குறைய ஒன்றரை வருடத்துக்கு ஒன்று. போன மாடல் வந்து ஒன்றேகால் வருடம் தாண்டியிருந்து, உங்களுக்கு அவசரமும் இல்லையென்றால் பொறுக்கலாம். ஆறு மாதம்தான் ஆகிறது என்றால் தயங்காமல் வாங்குங்கள்.

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார்கள். பேத்தி கோயம்புத்தூரில் ஆர்க்கிடெக்சர் சேர்ந்திருக்கிறாள். "தம்பி, மகன் தைக்கு சிங்கப்பூர்லேர்ந்து வர்றான். அதுக்குள்ள புது மாடல் வந்துரும்ங்கிறான். அதையே வாங்கியாரச் சொல்லிரட்டுமா?"

"ஆச்சி, பாப்பாவுக்குக் காலேஜ் எப்ப தொறக்குது?"

"ஆவணி ஆரம்பத்துல."

"அப்ப ஆவணிக்கும் தைக்கும் நடுவுல அது எதுல வரையும்?"

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்கள். செட்டிநாட்டில் வீட்டுக்கு வீடு சிங்கப்பூர், மலேசியா உறவு இருப்பதால் இந்தக் கேள்வி எங்களுக்குப் பழக்கம். அங்கிருந்து கொண்டுவரலாம், தப்பில்லை. எந்த மாடலென்றாலும் வாரண்டி இங்கே செல்லுமா என்று வாங்கும் முன்பே அந்தக் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது முன்பண மோசடி. தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரி மாணவன் ஒருவன், இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்து, கம்பெனி இன்னும் அறிவிக்கவே அறிவிக்காத டேப்லட்டுக்கு 999 ரூபாய் கட்டியிருந்தான். பிறகு "ஜிஎஸ்டி" என்று 1,850 கேட்டார்கள், கட்டினான். அதற்கப்புறம் "டெலிவரி இன்ஷூரன்ஸ்". அப்போதுதான் என்னிடம் வந்தான். அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். படத்தில் மூன்று கேமரா, கீழே விவரத்தில் இரண்டு. இணைய முகவரியில் கம்பெனி பெயரோடு ஒரு கோடு போட்டு "ஆஃபர்" என்று ஒட்டியிருந்தது. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் கம்பெனி பெயருக்குப் பதில் யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. உடனே 1930-க்குக் கூப்பிடச் சொன்னேன். முதலில் கட்டியது போய்விட்டது. பிறகு அனுப்பிய தொகை மட்டும் எதிர்ப்பக்க வங்கிக் கணக்கில் முடக்கப்பட்டது. 1930 சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணம் தப்பும். வெட்கப்பட்டு ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் பணம் பல கணக்கு தாண்டிப் போய்விடும். பிள்ளைகள் வந்து சொன்னால் திட்டாதீர்கள், முதலில் போனை எடுங்கள்.

2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லட் அல்லது லேப்டாப் என்று தமிழக அரசு அறிவித்ததை ஒட்டியும் வாட்ஸ்அப்பில் லிங்க் சுற்றுகிறது. ஆதார் எண், ஓடிபி கேட்கும் எதையும் தொடாதீர்கள். சந்தேகமென்றால் கல்லூரி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

புதிதாக வாங்கும் டேப்லட்டின் பெட்டியில் பிஐஎஸ் முத்திரையோடு ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் பதிவு உண்மையா என்று நொடியில் தெரியும். பில் வாங்கியும் பிரச்சினை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

என் சக கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி அறிவிக்காத பொருளுக்கு "புக்கிங்" என்று சீட்டு எழுதி ஆயிரம், இரண்டாயிரம் வாங்கி வைக்கும் பழக்கம் நம் ஊரிலும் வந்துவிட்டது. பொருள் தாமதமானால் அந்தப் பணம் நம்மிடம் முடங்கிக் கிடக்கிறது, விலை கூடினால் வாடிக்கையாளரோடு சண்டை. கம்பெனி விலையும் தேதியும் அறிவித்து, டீலர் நமக்கு ஸ்டாக் உறுதி செய்த பிறகு முன்பணம் வாங்குங்கள். சீட்டில் மாடல் எண், விலை, கொடுக்கும் தேதி மூன்றையும் எழுதுங்கள். அந்தத் தேதிக்குள் கொடுக்க முடியாவிட்டால் முழுப் பணமும் திரும்ப என்ற வரியையும் சேர்த்தே எழுதுங்கள்.