1578 தாங்குகிறது, 1942 ஒடிகிறது

கொல்லத்தில் 1578ஆம் ஆண்டு அக்டோபரில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ மொத்தமே 16 பக்கம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது. அதன் பிரதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 440 வருடம் தாண்டியும் புத்தகமாகவே இருக்கிறது. இப்போது உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து நாவல் ஏதாவது கிடந்தால், 1942, 43 வாக்கில் வந்ததாக, எடுத்துப் பிரியுங்கள். மெதுவாக. தாள் டீத்தூள் நிறத்தில் இருக்கும். மூலையைத் தொட்டால் அப்பளம் மாதிரி ஒடியும். மூடி வைத்த பிறகு மேசையில் பழுப்புத் தூள் கிடக்கும்.

பழசு முதலில் போகும், புதுசு நிற்கும் என்பதுதான் நாம் பார்த்த வழக்கம். காகிதத்தில் மட்டும் கணக்கு தலைகீழ். ஏறத்தாழ 1850க்கும் 1980க்கும் இடையில் அச்சானவைதான் பல்கலைக்கழக நூலகங்களின் பெரிய தலைவலி. அதற்கு முந்தைய புத்தகத்துக்குப் பூச்சி, ஈரம், வெளிச்சம், மனிதர்கள் என்று எதிரிகள் வெளியிலிருந்து வர வேண்டும். இந்த நடுக்காலப் புத்தகம் எதிரியை உள்ளே வைத்துக்கொண்டேதான் அச்சகத்தை விட்டு வெளியே வந்தது.

எதிரி படிகாரம். சவரம் செய்தபின் தேய்க்கிறோமே, வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிறோமே, அதற்கு நெருங்கிய சொந்தம். வெறும் கூழில் செய்த தாளில் பேனாவை வைத்தால் மை ஊறிப் பரவிவிடும். அதைத் தடுக்கப் பழைய ஐரோப்பியப் பட்டறைகளில் தாளை ஜெலட்டினில் முக்கி எடுத்தார்கள். வேலை அதிகம். ஜெர்மனியைச் சேர்ந்த மோரிட்ஸ் இல்லிக் 1807இல் ஒரு சுலப வழி சொன்னார்: பைன் மரப் பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலந்துவிடலாம். மலிவு, வேகம், அப்போது வரத் தொடங்கியிருந்த காகித மெஷின்களுக்குத் தோதாகவும் அமைந்தது. 1840களில் இன்னொரு ஜெர்மானியர், கெல்லர், மரத்தை அரைத்துக் கூழாக்கிக் காட்டினார். அதுவரை கந்தல் துணியை நம்பியிருந்த தொழிலுக்கு அப்புறம் காடே மூலப்பொருள் ஆயிற்று.

தாளுக்குப் பலம் தருவது செல்லுலோஸ்: குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீளமான சரம். பருத்தி, லினன் கந்தலில் ஒரு சரத்துக்கு ஆயிரக்கணக்கான மணிகள். தாளில் தங்கிய படிகாரம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கந்தக அமிலத்தைக் கொடுக்கிறது. அந்த அமிலம் சரத்தின் ஒரு கண்ணியை வெட்டுகிறது. விஷயம் என்னவென்றால், வெட்டியதில் அமிலம் செலவாவதில்லை. கத்தரி மழுங்காமல் அடுத்த கண்ணிக்குப் போகிறது. போதாக்குறைக்கு, வெட்டுப்பட்ட துண்டுகள் சிதையும்போது புதிய அமிலமும் பிறக்கிறது. சரம் சில நூறு மணிகளாகச் சுருங்கிவிட்டால் தாள் மடிப்பைத் தாங்காது. அரைத்த மரக்கூழில், மர நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் வேறு இருக்கும். வெளிச்சத்தில் பழுப்பாவது அதனால்தான். பழைய புத்தகத்தைத் திறந்ததும் லேசாக வெனிலா சாயலில் ஒரு வாசனை வருமே, அதில் லிக்னின் சிதைந்து வரும் வெனிலினுக்கும் பங்கு உண்டு. முகர்ந்து ரசிக்கலாம், தப்பில்லை. ஆனால் அது புத்தகம் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கலந்துகொண்டிருக்கும் வாசனை.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம் பாரோ என்பவர் 1950களின் கடைசியில், 1900 முதல் 1949 வரை அச்சான 500 புத்தகங்களின் தாளைச் சோதித்தார். இன்னும் 50 வருடத்துக்குமேல் பயன்படக்கூடியவை நூற்றுக்கு 3தான் என்று அறிவித்தார். நூலக உலகம் ஆடிப்போனது. பாரோவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வேறொரு காரியமாகத் திரும்ப வருவார்.

அமிலத்துக்கு மருந்து நமக்குத் தெரிந்ததுதான். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் பால்போன்ற மருந்தில் இருப்பது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு; புத்தகத்துக்கும் மெக்னீசியம் அல்லது கால்சியம் சேர்மங்களைத்தான் கொடுக்கிறார்கள். கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப்போடுவது, அதைக் கொடுக்கும் விதம். ஒடிகிற தாளைத் தண்ணீரில் போட்டுக் குளிப்பாட்டுவார்கள்.

ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் பராமரிப்புக்கூடத்தில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் மைச் சோதனை. ஓர் எழுத்தின்மேல் ஊசிமுனையளவு தண்ணீர், அதன்மேல் பிளாட்டிங் பேப்பர் துண்டு, பத்து விநாடி அழுத்தம். அச்சு மை அசையவே இல்லை. அது புகைக்கரியும் ஆளிவிதை எண்ணெயும். தண்ணீருக்கு அசைகிற ஜாதி இல்லை. அசைந்தது எது தெரியுமா? நூலகம் தானே குத்திய ஊதா ரப்பர் முத்திரை. தலைப்புப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்று இடத்திலும் ஊதா கசிந்தது. இந்தப் புத்தகம் எங்களுடையது என்று சொல்லப்போய், அதைக் குளிப்பாட்ட முடியாமல் செய்துவைத்திருக்கிறார்கள். அதற்கும் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சைக்ளோடோடெகேன் என்று மெழுகுபோல ஒரு பொருள். அதை உருக்கி முத்திரையின் இரு பக்கமும் பூசிவிட்டால் தண்ணீர் சுலபத்தில் உள்ளே போகாது. வேலை முடிந்தபின் சுரண்டவும் வேண்டாம்; கற்பூரம் மாதிரி தானாகக் காற்றில் போய்விடும்.

பிறகு தாளைப் பாலியெஸ்டர் வலைத்துணியில் கிடத்தி, தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்து தெளித்து, எங்கும் ஒரே சீராக நனைந்ததும் தட்டில் இறக்கினார்கள். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் வடித்த டீ நிறத்துக்கு வந்தது. அறுந்த சரங்களின் குப்பையும் அமிலமும் கரைந்து வருகிற நிறம். தண்ணீரை மாற்றி மாற்றி, தெளிந்தபின் கடைசியாகக் கால்சியம் ஹைட்ராக்சைடு கலந்த தண்ணீர். நீர்த்த சுண்ணாம்புத் தெளிவு என்று சொன்னால் நமக்குச் சட்டென்று புரியும். தாள் காயும்போது அது காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாகி இழைகளுக்கு நடுவே தங்கிவிடுகிறது. இனி பிறக்கும் அமிலத்தை அது கவனித்துக்கொள்ளும். பழைய ஐரோப்பியக் கந்தல் தாள் பலவற்றில் இந்தச் சுண்ணச் சத்து தயாரிப்பு நீரிலிருந்தே ஏறியிருந்தது. அவை நீடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். நனைந்து காய்ந்த இழைகள் தங்களுக்குள் புதிய ஹைட்ரஜன் பிணைப்புகளைப் போட்டுக்கொள்வதால், கையில் எடுத்தபோது தாள் கொஞ்சம் துணிபோல வளைந்தது.

ஆனால் அறுந்த சரம் திரும்ப ஒட்டாது. இதை யாரும் மழுப்புவதில்லை. மேலும், குளிப்பாட்ட வேண்டுமானால் புத்தகத்தின் தையலைப் பிரிக்க வேண்டும். ஒரு புத்தகத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆயிரக்கணக்கில் இருந்தால்? நுண்ணிய மெக்னீசியம் ஆக்சைடு துகள்கள் மிதக்கும், மையைக் கரைக்காத ஒரு திரவத்தில் புத்தகத்தை முழுதாக முக்கி எடுக்கும் முறை இருக்கிறது. அதற்கு முன்பு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் டைஎத்தில் சிங்க் வாயுவை முயன்று பார்த்தது. காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் பொருள் அது. 1985 கடைசியிலும் 1986 தொடக்கத்திலும் நாசாவின் கோடார்டு மையத்தில் நடந்த சோதனைகளில் ஒரு தடவை தீ, ஒரு தடவை வெடிப்பு. புத்தகத்தைக் காப்பாற்ற விண்வெளிக்காரர்களிடம் போனால் இப்படித்தான்.

கையால் எழுதிய குறிப்புகள் இருந்தால் கதை வேறு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மையை நம் ஊரிலும் பயன்படுத்தினார்கள். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். அதில் அமிலமும் உண்டு, செல்லுலோஸை ஆக்சிஜனேற்றத்தில் சிதைக்கும் இரும்பு அயனியும் உண்டு. எழுத்து இருந்த இடம் எழுத்து வடிவிலேயே ஓட்டையாகிவிடும். இதற்குக் கால்சியம் பைடேட் கரைசல் கொடுக்கிறார்கள். பைடேட் நம் தவிட்டில் நிறைய இருக்கிற சரக்கு. இரும்பை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊட்டச்சத்து நிபுணர்கள் தவிட்டைக் குறை சொல்வது எந்தக் குணத்துக்காகவோ, இங்கே உதவுவது அதே குணம். கையால் வண்ணம் தீட்டிய பழைய படங்களில் பச்சை தீட்டிய இடம் மட்டும் பழுத்து உதிர்வதும் இதே ஜாதி வியாதிதான். அங்கே இரும்புக்குப் பதில் செம்பு. நம் பைண்டிங் கடைகளில் பூச்சி வராமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடும் வழக்கம் எனக்கு உறுத்துவதும் அதனால்தான். துத்தம் என்பது செம்பு சல்பேட்.

கிழிசலை ஒட்டுவது ஒரு தனிக் கலை. ஜப்பானில் கோசோ என்ற செடியின் பட்டை நாரில் செய்யும் தாள். அதில் மிக மெல்லியது சதுர மீட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவு. நம் ஜெராக்ஸ் தாள் 75 கிராம். கோசோ தாளைக் கத்தரியால் வெட்டக் கூடாது. நனைத்த தூரிகையால் கோடு போட்டு, ஈரம் இருக்கும்போதே இரு கையாலும் இழுத்துப் பிரிக்க வேண்டும். ஓரத்தில் நார்கள் பூனைமீசைபோல நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மீசைதான் தாளைப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய நேர்விளிம்பாக இருந்தால் அடுத்த கிழிசல் சரியாக அந்த விளிம்பில் தொடங்கும். பசை, புரதம் நீக்கிய கோதுமை மாவுச்சத்து. காய்ச்சி, சல்லடையில் இரண்டு மூன்று தடவை தேய்த்து வடித்தது. இவ்வளவு சாதாரணப் பசை ஏன் என்றால், நூறு வருடம் கழித்து யாராவது ஈரத்துணியை வைத்தால் விட்டுவிடும். பின்னால் வருகிறவர் எடுக்க முடியாத எதையும் போடக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் சட்டம்.

சட்டம் பட்டுத் தெரிந்துகொண்டது. இப்போதுதான் பாரோ திரும்ப வருகிறார். ஒடிகிற ஆவணத்தின் இரு பக்கமும் செல்லுலோஸ் அசிடேட் படலத்தை வைத்துச் சூட்டில் அழுத்தும் லாமினேஷனைப் பரப்பியவரும் அவர்தான். நம் தேசிய ஆவணக் காப்பகத்தில் அதை மெஷின் இல்லாமலே, அசிட்டோன் தொட்ட பஞ்சால் கையாலேயே செய்ய வழி கண்டார்கள். சிக்கனமான, கெட்டிக்கார வேலை. பிறகு தெரிந்தது, அசிடேட் தானும் சிதையும், அசிட்டிக் அமிலம் விடும் என்று. பழைய சினிமாச் சுருளில் வரும் வினிகர் நெடி அதே பொருளுடையது. இன்று கன்சர்வேட்டர்கள் எனும் பராமரிப்பு வல்லுநர்கள் அசிட்டோன் தொட்டியில் போட்டு அந்தப் படலத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். செல்லோ டேப் இன்னும் மோசம். பழைய டேப்பின் ரப்பர் பசை முதலில் இளகித் தாளுக்குள் இறங்கும், பிறகு மஞ்சளாகி இறுகும். மேலே இருக்கும் படலம் கழன்று விழுந்துவிடும், கறை போகாது. வீட்டில் கிழிந்த புத்தகம் இருந்தால், ஒட்டாமல் ஒரு துணியில் சுற்றி வையுங்கள். அது போதும்.

பூச்சி விஷயத்தில் மருந்தடிப்பது குறைந்திருக்கிறது. ஏட்டைத் துளைக்கும் பூச்சியை ஓலைச்சுவடி காலத்திலிருந்தே நாம் இராமபாணம் என்கிறோம், மராமரம் துளைத்த அம்புபோல அட்டையிலிருந்து அட்டைவரை ஒரே துளை. யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கே நூலகத்தில் 1977இல் வண்டு புகுந்தபோது புத்தகங்களைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து மைனஸ் 36 டிகிரியில் மூன்று நாள் வைத்தார்கள். குளிர் சட்டென்று இறங்க வேண்டும். மெல்ல இறங்கினால் பூச்சி தன் உடம்பைத் தயார்ப்படுத்திக்கொள்ளும். போர்ச்சுகலில் கோயிம்பிரா பல்கலைக்கழகத்தின் 18ஆம் நூற்றாண்டு நூலகத்தில் இந்த வேலையை வௌவால்கள் பார்க்கின்றன. ராத்திரி பூச்சியைத் தின்னும்; எச்சம் படாமலிருக்க மேசைகளைத் தோலால் மூடி, காலையில் துடைக்கிறார்கள். நம் ஊரில் பூச்சியைவிட ஈரப்பதம்தான் பெரிய வில்லன். 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை காத்திருக்கும். ஆபீஸ் நேரத்தில் மட்டும் ஏசி ஓடி மாலை ஐந்துக்கு அணைகிற அறைகளைப் பார்த்திருக்கிறேன். தாள் தினமும் ஒருமுறை சுருங்கி ஒருமுறை உப்புகிறது. அதைவிட ஏசியே இல்லாமல் காற்றோட்டமாக விட்டிருக்கலாம்.

எல்லாப் புத்தகத்துக்கும் சிகிச்சை நடக்காது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியபோது, கப்பலேற்றாமல் சென்னையிலேயே 1994இல் நூலகமாக நிறுத்தி, மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். படிக்கிறவருக்குப் படம், புத்தகத்துக்கு ஓய்வு. பெரும்பாலான நூலகங்களில் நடப்பதும் இதுதான். புத்தகத்தின் அளவுக்கு அமிலமில்லாத அட்டையில் ஒரு பெட்டி, அவ்வளவே.

நான் பார்த்த அந்தப் புத்தகமும் பெட்டிக்குள் போனது. கூடவே ஒரு சின்னக் கவர். அறுத்தெடுத்த பழைய தையல் நூல், முதுகிலிருந்து கழன்ற துணி, எங்கே பொருத்துவதென்று தெரியாத தாள் துணுக்குகள். விரல்நக அளவு துணுக்கு ஒன்றில் ‘ன்றான்’ என்று மட்டும் இருந்தது. எந்தப் பக்கம், யார், என்ன என்றான், தெரியவில்லை. கவரின்மேல் பென்சிலால் தேதி போட்டு மூடினார்கள்.