வீசிங் இல்லாத நாளில் எதற்கு ஸ்டீராய்டு இன்ஹேலர்?

"இப்ப இளைப்பே இல்லை டாக்டர், அதான் நிறுத்திட்டேன்." ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு மருந்து எடுப்பவர்களில் பலர் சொல்வது இது. இளைப்பு அடங்குவது வேறு, அழற்சி அடங்குவது வேறு. வீசிங் சத்தம் துளியும் கேட்காத நாளிலும் மூச்சுக்குழாயின் உட்சுவரில் ஈசினோஃபில் எனும் ஒவ்வாமை சார்ந்த வெள்ளையணுக்கள் மண்டியிருக்கலாம்.

புண்ணாவதும் ஆறுவதுமாக இந்த அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சுவரின் கட்டமைப்பே மாறிவிடும். உள்தோலுக்கு அடியில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் படிந்து தழும்பேறும், சளிச் செல்கள் பெருகும், சுற்றியுள்ள தசை பருக்கும். சுவர் தடித்த குழாயில் தசை லேசாக இறுகினாலே வழி பெரிதும் அடைபடும். காற்று சீராக ஓடும் சிறு குழாயில் விட்டம் பாதியானால் தடை 16 மடங்கு ஏறும்.

அழற்சி கூடாமல், தசை இறுகுவது மட்டுமே கூடச் சுவர் இப்படி மாறப் போதும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கும் மெத்தகோலின் மருந்தைக் கொடுத்து, அழற்சியைக் கூட்டாமல், மூச்சுக்குழாயை மூன்று முறை இறுகவைத்துவிட்டுத் திசு எடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அதிலும் கொலாஜன் படலம் தடித்திருந்தது. ஆகவே 'வீசிங் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்பது எனக்கு உடன்பாடில்லை.

இளைப்பு வந்ததும் ஊதும் நிவாரண மருந்தான சால்பியூட்டமால் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தும், 4 முதல் 6 மணி நேரம் தாங்கும், அழற்சியைத் தொடாது. பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று ஜினா (GINA) என்ற உலகளாவிய ஆஸ்துமா அமைப்பின் வழிகாட்டி 2019 முதல் சொல்கிறது. 200 பஃப் கொண்ட சால்பியூட்டமால் இன்ஹேலர் ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால், கடும் தாக்குதலுக்கான ஆபத்து கூடுகிறது.

பியூடசோனைடு, பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் ஈசினோஃபில்களைச் சில வாரங்களில் குறைக்கும். தடித்த படலம் ஓரளவு மெலிய மாதங்கள் பல ஆகலாம். பருத்த தசையை அவை பெரிதாக மாற்றுவதில்லை. சீக்கிரமே தொடங்கச் சொல்வது இதனால்தான்.

ஸ்டீராய்டு என்றதும் வரும் பயத்துக்கு ஒரு கணக்கு. பெரியவர்களுக்கான குறைந்த டோஸ், பியூடசோனைடு நாளுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். 400 மைக்ரோகிராம் என்பது 0.4 மில்லிகிராம். தாக்குதல் வந்தால் விழுங்கும் பிரெட்னிசோலோனோ நாளுக்கு 40 மில்லிகிராம் வரை போகும், அதுவும் உடல் முழுக்கச் சுற்றும். இரண்டின் வீரியமும் ஒன்றல்ல, நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் எதைத் தவிர்க்க எதை எடுக்கிறோம் என்பது புரியும். குழந்தைகளில் நாளுக்கு 400 மைக்ரோகிராம் பியூடசோனைடை ஆண்டுக்கணக்கில் கொடுத்த ஆய்வில், வளர்ந்தபின் உயரம் சராசரியாக 1.2 செ.மீ. குறைந்திருந்தது. பெற்றோரிடம் இதை மறைக்கக் கூடாது; கட்டுப்பாடு கிடைக்கும் மிகக் குறைந்த டோஸே போதும்.

மருந்து சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஊதும் முறை. அழுத்தும் வகை இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். 3 முதல் 5 விநாடி இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடம் போகட்டும், மறுபடி குலுக்குங்கள். பொடி வகைக்கு இது நேர் எதிர்: வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால்தான் பொடி பிரியும். இரண்டு வகையும் கையில் உள்ளவர்கள் குழம்புவது இங்கேதான்.

இன்ஹேலரோடு பொருத்தி ஊதும் பிளாஸ்டிக் குடுவையான ஸ்பேசரைக் கழுவிவிட்டுத் துணியால் பளபளவென்று துடைப்பவர்கள் உண்டு. பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் உண்டாகி, மருந்து அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்பு நீரில் அலசித் தானாகக் காயவிடுங்கள். மருந்து தீர்ந்த பிறகும் 'புஸ்' என்று வாயு வரும், அதை நம்ப வேண்டாம். காலை 2, இரவு 2 என்றால் 120 பஃப் சரியாக 30 நாள். எண்ணிக்கை காட்டி இல்லாத இன்ஹேலரில் தொடங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். ஊதியதும் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாயில் பூஞ்சையால் வரும் வெண்படலமும் குரல் கம்மலும் குறையும்.

மூன்று மாதம் நல்ல கட்டுப்பாடு இருந்தால் மருத்துவர் டோஸைக் கால் பங்கிலிருந்து பாதி வரை குறைப்பார். ஒரேயடியாக நிறுத்தமாட்டார். ஸ்பைரோமெட்ரி எனும் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையை சிகிச்சைக்கு முன்பும், 3 முதல் 6 மாதத்திலும், பிறகு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையும் செய்து பழைய தாள்களை வைத்திருங்கள். சால்பியூட்டமாலுக்குப் பிறகும் முதல் விநாடியில் பலமாக ஊதி வெளியேற்றும் மூச்சளவு ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால், இளைப்பே இல்லை என்று நீங்கள் சொன்னாலும் அந்தத் தாளைத்தான் நம்ப வேண்டும்.