ஓடைக்கரையில் தொடங்கிய ஒரு பெயர்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், மேட்டுச் சதுப்புகளிலிருந்து கசிந்து இறங்கும் சிறு ஓடைக்கு ‘சைக்’ என்று பெயர். பல இடங்களில் அந்த ஓடையே இரண்டு நிலங்களுக்கு எல்லை. அதன் கரையில் குடியிருந்தவனை ஊரார் ‘ஓடைக்கரை ஹென்றி’ என்கிற பாணியில் அழைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இந்த அடைமொழி தென்படுகிறது. சைக்ஸ் என்ற குடும்பப்பெயர் இப்படித்தான் பிறந்தது.

1066இல் பிரான்ஸிலிருந்து நார்மானியர் படையெடுத்து வருவதற்கு முன்பு இத்தகைய அடைமொழிகள் பெரும்பாலும் ஆளோடு முடிந்துபோயின. கொல்லனின் மகன் தச்சனானால் பெயரும் மாறிவிடும். நிலமும் வரியும் தந்தையிலிருந்து மகனுக்குத் தொடர வேண்டியிருந்ததால் பெயர் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டது. ஏறத்தாழ 1400க்குள் பெரும்பாலான ஆங்கிலேயருக்குப் பரம்பரைப் பெயர் வந்துவிட்டது. அதன் பிறகு மகன் ஓடையை விட்டு எங்கே குடிபோனாலும் அவன் சைக்ஸ்தான்.

ஓடைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆகவே தொடர்பே இல்லாத பல குடும்பங்கள் தனித்தனியே இப்பெயரைப் பெற்றிருக்க வேண்டும் என்று பழைய ஆவணங்களை வைத்துக் கருதினார்கள். நியாயமான ஊகம்தான். அதைச் சோதித்தவர் ஆக்ஸ்ஃபோர்டு மரபணுவியலாளர் பிரையன் சைக்ஸ். கிளாக்ஸோ மருந்து நிறுவனத் தலைவர் ரிச்சர்ட் சைக்ஸைச் சந்தித்தபோது, நாம் இருவரும் உறவாக இருக்குமோ என்று எழுந்த கேள்வி ஆய்வாகவே வளர்ந்தது.

அதற்கு வழி கொடுத்தது, உடல் செல்களில் மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் ஒன்றாகிய ஒய். மற்ற குரோமோசோம்கள் தாய், தந்தை இருவரின் பங்கையும் தலைமுறைதோறும் சீட்டுக்கட்டுபோலக் கலைத்துக்கொள்ளும். ஆணிடம் மட்டுமே உள்ள ஒய், பெரும்பகுதி கலையாமல் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். குடும்பப்பெயரும் அங்கே அதே வழியில்தான் போகிறது. இந்த ஒய்யில் சில இடங்களில் டிஎன்ஏவின் ஒரே எழுத்துத் தொடர் அடுத்தடுத்துத் திரும்ப வரும். ஒருவருக்கு 12 முறை, இன்னொருவருக்கு 15 முறை என எண்ணிக்கை மாறும். மகனுக்குப் போகும்போது அரிதாக ஒன்று கூடலாம், குறையலாம். அந்த எண்ணிக்கைகளின் வரிசையே பரம்பரையின் முத்திரை.

அவ்வாறான நான்கு இடங்களை எண்ணி, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். பொறுக்கியெடுக்காமல் சேர்த்த சைக்ஸ் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே முத்திரை! ஒப்பிட்டுப் பார்த்த மற்ற பெயர்க்காரர் எவரிடமும் அது இல்லை. பல ஓடைகள் இருந்தாலும் மூதாதை ஒருவரே என்றது ஆய்வு. மீதிப் பாதி? தத்துப்பிள்ளை, மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்த பிள்ளை, சொத்துக்காகத் தாய்வழிப் பெயரை ஏற்றவன் என்று பெயரும் ஒய்யும் பிரிவதற்குக் காரணங்கள் பல. இப்படிப் பிரிவது தலைமுறைக்குச் சராசரியாக 1.3 சதவீதம் என்று கணித்தார்கள். 700 ஆண்டு இணைபிரியாத தாம்பத்தியத்துக்கு இது நல்ல சான்றிதழ்தான்.

ஆனால் ஒரு முத்திரை ஓங்கி நிற்பதற்கு மூதாதை ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மரபணுவியலாளர்கள் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 40 பிரிட்டன் பெயர்களை ஆராய்ந்து 2009இல் இதை விளக்கினார்கள். அட்டன்பரோ என்ற அரிய பெயரில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு ஒரே முத்திரை. ஊருக்கு ஊர் கொல்லுலை இருந்ததால் உண்டான ஸ்மித் என்ற பெயரிலோ, தெருவில் எதிர்ப்படும் யாரோ இருவருக்குள் இருக்கும் ஒற்றுமைதான். அரிய பெயர்களில் தற்செயலின் கை நீளும். மூன்று பேர் ஒரே பெயரைப் பெற்றதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு எல்லாம் பெண் பிள்ளைகள். இன்னொருவரின் மகன்கள் கொள்ளைநோயில் போனார்கள். மூன்றாமவருக்கு ஏழு மகன்கள். சில நூற்றாண்டு கழித்துப் பார்த்தால் மூன்றாமவரின் முத்திரை மட்டுமே மிஞ்சியிருக்கும்.

ஆகவே சைக்ஸ் குடும்பத்துக்கும் ‘ஒரே மூதாதை’ என்று அடித்துச் சொல்வதைவிட ‘மிஞ்சிய கிளை இது’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.