பரிசோதனை இலவசம்; சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் 30 வயது நிறைந்த பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்க்கான முதற்கட்டப் பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. இதற்கு வருமானச் சான்றிதழோ காப்பீட்டு அட்டையோ தேவையில்லை. மார்பகத்தைக் கையால் தடவிப் பார்ப்பார்கள். கருப்பைவாயில் வினிகரைப் போன்ற நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, எங்கேனும் வெளுக்கிறதா என்று பார்ப்பார்கள். மாதவிலக்கு நாட்களில் இதைச் செய்ய மாட்டார்கள் என்பதாலும், பயிற்சி பெற்ற செவிலியர் விடுப்பில் இருந்தால் மறுநாள் வரச் சொல்வார்கள் என்பதாலும், கிராம சுகாதாரச் செவிலியரிடம் நாளைக் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் கூலியாவது மிஞ்சும்.

முதல் சிக்கல் வயது. உறவுக்குப் பின் இரத்தம் கசிகிறது என்று போன 27 வயதுப் பெண்ணை, "இன்னும் முப்பது ஆகவில்லையே" என்று திருப்பி அனுப்பியதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த வயது வரம்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கானது. கசிவு, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மார்பில் கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும், ஸ்கிரீனிங் (முதற்கட்டப் பரிசோதனை) என்ற சொல்லையே எடுக்காமல், தொந்தரவைச் சொல்லிப் புறநோயாளிச் சீட்டு போட்டு மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. வெளுக்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால், அமிலச் சோதனையில் 'இயல்பு' என்று எழுதியிருப்பதை அவர்கள் முழுமையாக நம்ப முடியாது. கருப்பைவாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை செய்யும் மருத்துவமனைக்குப் பரிந்துரை கேட்க வேண்டும்.

பெரிய அலைச்சல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வெளுத்திருந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. கால்போஸ்கோப்பி கருவியால் உற்றுப் பார்த்து, தேவையானால் சிறு துணுக்கை வெட்டிப் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவே. ஆனால் "பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ளுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்கா ஒருவர் அப்படிப் போய், ஒரு நாள் மருத்துவர் இல்லை, ஒரு நாள் கருவி பழுது, மூன்றாம் நாள் "எங்கிருந்து அனுப்பினார்கள், சீட்டு எங்கே" என்ற கேள்வி என்று அலைந்து, அத்தோடு விட்டுவிட்டார். ஏழு மாதம் கழித்து நாங்கள் வற்புறுத்தி அழைத்துப் போனபோது, பூக்கூடையின் அடியில் நான்காக மடித்து ஈரத்தில் மை கரைந்த ஒரு தாள்தான் அவரிடம் இருந்தது. ஆகவே முடிவு, தேதி, அனுப்பப்படும் துறை, அங்கே அந்தச் சோதனை நடக்கும் கிழமை ஆகிய நான்கையும் சீட்டில் எழுதி வாங்கி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியார் ஆய்வகங்கள் விற்கும் 'பெண்களுக்கான கேன்சர் பேக்கேஜ்' பற்றியும் ஒரு சொல். அதில் இருக்கும் சி.ஏ.125 (இரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் சோதனை), தொந்தரவு ஏதும் இல்லாத பெண்ணுக்குப் புற்றுநோய் இல்லை என்று உறுதி சொல்லாது. வேறு சாதாரணக் காரணங்களாலும் அந்த அளவு உயரும். கருப்பைவாய்ச் சோதனைக்கும் அது மாற்றாகாது.

காப்பீட்டு அட்டை சிகிச்சையின்போது உதவும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். ரேஷன் அட்டையில் பெயர் இருந்தால்தான் குடும்பத்தில் ஒருவராகக் கணக்கில் வரும் என்பதால், இங்கே அடிபடுபவர்கள் பெரும்பாலும் மணமாகி வந்த பெண்கள்: பிறந்த வீட்டு ரேஷன் அட்டையில் பெயரை நீக்கியிருப்பார்கள், கணவர் வீட்டு அட்டையில் இன்னும் சேர்த்திருக்க மாட்டார்கள். நோய் உறுதியான பிறகு கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்ட அலுவலகத்திலும் நிற்பதைவிட, பெயர் சேர்க்கும் வேலையை இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

பயாப்ஸி எடுத்த அன்று, உங்கள் துணுக்குக்கு ஆய்வகத்தில் போடும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். "ரிப்போர்ட் இன்னும் வரவில்லை" என்று சொன்னால், அந்த எண்ணோடு நோய்க்குறியியல் (பேத்தாலஜி) துறைக்கு நேரே போய்க் கேளுங்கள்; பல நேரம் அது அங்கே தயாராகவே கிடக்கும்.