‘வாழ்நாள் கற்பவர்’ யார்? மாணாக்கர் என்னும் சொல்லுக்காக ஒரு வழக்கு

வேதாகமத்தில் இயேசுவிடம் கற்றவர்களைக் குறிக்கும் ‘சீஷன்’ என்ற சொல்லை விளக்க வருகிறவர்கள் அண்மைக் காலமாக ‘வாழ்நாள் கற்பவர்’ என்றொரு தொடரைக் கையாளுகிறார்கள். பிரசங்கங்களில் கேட்டேன்; தியானக் கட்டுரைகளில் படித்தேன்; கடைசியாக ஒரு வேதபாட வகுப்பில், திரையில் பெரிய எழுத்தில் பார்த்தேன். அன்று பக்கத்தில் அமர்ந்திருந்த முதிய அம்மையார் என் பக்கம் சாய்ந்து, “வாழ்நாளை எப்படித் தம்பி கற்கிறது?” என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. அந்தத் தொடர் தமிழில் என்ன சொல்கிறதோ அதைத்தான் அவர் காது வாங்கிக்கொண்டது.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் உள்ள சொல் ‘மத்தேத்தேஸ்’. கற்றுக்கொள் என்று பொருள்படும் ‘மந்தனோ’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. எபிரேயத்தில் ‘தல்மீத்’ என்பதும் இப்படியே கற்றலிலிருந்து வந்த சொல். தமிழில் பழைய மொழிபெயர்ப்பு ‘சீஷன்’ என்றும், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘சீடர்’ என்றும் எழுதின. இரண்டும் வடமொழிச் ‘சிஷ்ய’னின் உருமாற்றங்களே.

இனி வழக்குக்கு வருவோம். தமிழில் உருபு ஏற்காத பெயர் ஒன்று ‘கற்பவர்’ என்பதன் முன் வந்து நின்றால், அதை நாம் செயப்படுபொருளாகவே கொள்கிறோம். தமிழ் கற்பவர், இசை கற்பவர், தையல் கற்பவர் எல்லாம் அப்படித்தான். இரண்டாம் வேற்றுமைத் தொகை என்பது பள்ளிப் பாடம். ‘வாழ்நாள் உறுப்பினர்’, ‘வாழ்நாள் சந்தா’ என்பவை உறுத்தாமல் இருக்கக் காரணம், உறுப்பினரும் சந்தாவும் செயப்படுபொருளைக் கேட்கும் சொற்கள் அல்ல என்பதே. அந்தத் தொடர்களைப் பார்த்து ‘வாழ்நாள் கற்பவர்’ என்று ஒட்டியவர், ஒட்டிய இடத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும்.

இலக்கணத்தை மன்னித்தாலும் பொருளை மன்னிக்க முடியவில்லை. ‘வாழ்நாள் கற்றல்’ கல்வித் துறையின் சொல். யுனெஸ்கோவின் 1972ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் அக்கருத்து உலகெங்கும் பரவியது. பள்ளியை விட்ட பிறகும் மனிதன் புதியனவற்றைக் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து, நல்ல கருத்துதான். ஆனால் அங்கே கற்பவர் இருக்கிறார், கற்கும் பொருள் இருக்கிறது, ஆசிரியர் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சுவிசேஷங்களில் ஆசிரியர் இல்லாத மத்தேத்தேஸ் கிடையாது. “என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்” என்று மத்தேயு 11:29இல் வரும் அழைப்பு அதே ‘மந்தனோ’ என்னும் வினையில் அமைந்தது. அதில் ‘என்னிடத்தில்’ என்பதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொதுக் கல்விக் கொள்கை. ஓயாமல் கற்பது மட்டுமே இலக்கணம் என்றால், “எப்போதும் கற்றாலும்” சத்தியத்தை அறிந்து உணராதவர்கள் என்று 2 தீமோத்தேயு 3:7இல் பவுல் கடிந்துகொள்வோரே அந்தப் பெயருக்கு முதல் உரிமையாளர்கள் ஆகிவிடுவார்கள். கிரேக்கத்தில் அங்கேயும் இதே வினைதான் என்பதை ‘வாழ்நாள் கற்பவர்’ அணியினர் ஏனோ கவனிப்பதில்லை.

நடந்தது என்னவென்றால், கிரேக்கச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் யாரோ எழுதிய விளக்கவுரையை நம்மவர்கள் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, அதையே மூலத்தின் பொருள் என்று அறிவிக்கிறார்கள். உரைக்கு உரை எழுதலாம். உரையை மூலம் என்று சொல்லலாமா? நம் சபைகளின் மொழிபெயர்ப்பில் பாதி இப்படித்தான் நடக்கிறது.

‘வாழ்நாள்’ என்ற கருத்து தவறு என்று நான் சொல்லவில்லை. அது மத்தேத்தேஸ் என்ற சொல்லுக்குள் இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது என்கிறேன். ரபீ எனப்படும் யூதப் போதகரிடம் படித்தவர் ஒருநாள் தாமும் ரபீ ஆகலாம். இயேசுவோ, நீங்கள் ரபீ என்று அழைக்கப்படாதிருங்கள், உங்களுக்குப் போதகர் ஒருவரே, நீங்கள் எல்லாரும் சகோதரர் என்று மத்தேயு 23:8இல் அந்த வாசலை அடைத்துவிடுகிறார். தேர்ச்சி பெற்று வெளியேறுவது என்பதே இல்லாத பள்ளி அது. பன்னிரண்டு வாரச் ‘சீஷத்துவப் பயிற்சி’யை முடித்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பவர்கள் இந்த வசனத்தை எந்த வாரத்தில் நடத்துகிறார்கள் என்று அறிய எனக்கு ஆசை.

‘பின்பற்றாளர்’ என்ற போட்டிச் சொல்லைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பின்செல்லுதலுக்குக் கிரேக்கத்தில் தனி வினை உண்டு. மேலும் இன்று யாரைத்தான் யார் பின்பற்றவில்லை? ‘சீடர்’ என்பதில் குறை அவ்வளவாக இல்லை. ஆனால் அச்சொல்லைக் கேட்டதும் பன்னிருவர் மட்டுமே நினைவுக்கு வருகிறார்கள். அப்போஸ்தலர் 11:26இலோ, அந்தியோகியாவில் முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் என்ற பெயரைப் பெற்றவர்கள் அங்கிருந்த சீஷர்கள் எல்லாரும்.

என் பரிந்துரை ‘மாணாக்கர்’. அதன் வேர் தமிழா வடமொழியா என்ற சச்சரவு தனியே நடக்கட்டும். மாணாக்கர் என்றால் வகுப்பறை வாசனைதான் வரும், பின்செல்லுதல் வராது என்பார்கள். அது ‘மாணவ’ருக்குப் பொருந்தலாம். நன்னூலில் மாணாக்கன் ஆசானை வழிபடும் முறையைப் பவணந்தியார் சொல்லும்போது, குளிர்காய்பவன் தீயிடம் இருப்பதுபோல் மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருக்கச் சொல்லிவிட்டு, உடனே “நிழலின் நீங்கான்” என்கிறார். கற்றல், அச்சம், பிரியாமல் உடன்செல்லுதல் மூன்றும் ஏற்கெனவே அந்தச் சொல்லின் வீட்டில் குடியிருக்கின்றன. வாழ்நாள் முழுதும் என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘சாந்துணையும் கற்கும் மாணாக்கர்’ எனலாம். ‘சாந்துணையும்’ திருக்குறளின் 397ஆம் குறளில் கல்லாமையைக் கடிய வந்த சொல், கற்றலுக்கும் உதவும்.

பெண்பாலுக்கு என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். யோப்பாவின் தபீத்தாளுக்கு அப்போஸ்தலர் 9:36இல் மட்டும் கிரேக்கம் இச்சொல்லின் பெண்பால் வடிவத்தைத் தருகிறது. பழைய மொழிபெயர்ப்பு தயங்காமல் ‘சீஷி’ என்றது. அவள் என்ன கற்றாள் என்பது அங்கே எழுதப்படவில்லை. அவள் உடலைக் கிடத்தியிருந்த அறையில், அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளைக் கைம்பெண்கள் அழுதுகொண்டே பேதுருவுக்கு எடுத்துக் காட்டுகிறார்கள். அவளை நான் ‘மாணாக்கி’ என்றே எழுதுவேன்.