பொதுப் பிரிண்டரின் ஃபார்ம்வேருக்கு யார் பொறுப்பு?

அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பராமரிக்கும் பணியில் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை இது. ஒவ்வொரு மேசைக் கணினிக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். எல்லோரும் பயன்படுத்தும் பிரிண்டருக்கு எவரும் இல்லை. டோனர் தீர்ந்தால் மாற்றுகிறார்கள், தாள் சிக்கினால் எடுக்கிறார்கள், அத்தோடு சரி. அதன் மெனுவிலிருந்து கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சிட்டு, ஃபார்ம்வேரின் (பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளின்) பதிப்பைப் பார்த்தால், இயந்திரம் வாங்கிய நாளில் இருந்த பதிப்பே பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

சம்பளப் பட்டியல் முதல் அடையாள அட்டை நகல் வரை அனைத்தும் கடந்து செல்லும் அந்த இயந்திரமும் ஒரு கணினிதான். சாதாரண அச்சுப் பணியைப் போல அனுப்பப்படும் கோப்பைக் கொண்டே எச்பி லேசர்ஜெட் பிரிண்டரின் ஃபார்ம்வேரை மாற்றிவிட முடியும் என்பதைக் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டிலேயே காட்டினார்கள். 2021இல் எஃப்-செக்யூர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்திய குறைபாடுகள் 150க்கும் மேற்பட்ட எச்பி மாடல்களைப் பாதித்தன. அவற்றுள் ஒன்று, எழுத்துருக்களைக் கையாளும் பகுதியில் இருந்ததால், தீய நோக்கில் தயாரிக்கப்பட்ட ஓர் ஆவணத்தை அச்சிடுவதே தாக்குதலுக்கு வழிவிடக்கூடியதாக இருந்தது. இவற்றுக்கான திருத்தங்களை எச்பி வெளியிட்டது. ஆனால் அத்திருத்தத்தை யாராவது நிறுவினால்தானே பயன்!

நிறுவுவதற்கு அலுவலக நேரம் முடிந்த பிறகான ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள். மாடல் எண்ணைச் சரிபார்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே கோப்பை இறக்குங்கள். ஐபி முகவரி, ஸ்கேன் செய்து மின்னஞ்சலுக்கு அனுப்பும் அமைப்பு, முகவரிப் பட்டியல் ஆகியவற்றைக் குறித்துவைத்து, அச்சுக்குக் காத்திருக்கும் பணிகளின் வரிசையை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். புதிய ஃபார்ம்வேரை இயந்திரத்தில் எழுதும் பணி நடக்கையில் திரை சில நிமிடங்கள் அசைவின்றி நிற்கலாம். அதைப் பார்த்து 'மாட்டிக்கொண்டது' என்று எண்ணி, அக்கறையுள்ள ஒருவர் சுவிட்சை அணைத்துவிடுவதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. பாதி எழுதப்பட்ட ஃபார்ம்வேருடன் இயந்திரம் மறுபடி எழாமலே போகலாம். ஆகவே இயந்திரத்தின் மேல் ஓர் அறிவிப்புத் தாளை ஒட்டிவிட்டு, முடியும்வரை அருகிலேயே இருங்கள்.

தானியங்கிப் புதுப்பிப்பை நான் பரிந்துரைப்பதில்லை. 2023 மே மாதம் வந்த ஒரு புதுப்பிப்பு, எச்பி ஆஃபிஸ்ஜெட் ப்ரோ 9020 வரிசைப் பிரிண்டர்கள் பலவற்றை நீலத் திரையில் முடக்கியது. பிற நிறுவனக் கார்ட்ரிஜ்களை மறுக்கும் மாற்றங்களும் இவ்வழியே வருவதுண்டு. ஒரே மாடலில் பல இயந்திரங்கள் இருந்தால், முதலில் ஒன்றில் நிறுவிச் சில நாள் கவனித்த பிறகு மற்றவற்றைத் தொடுங்கள்.

புதுப்பித்துவிட்டால் மட்டும் போதாது என்பதை 2025இல் ரேபிட்7 என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு உணர்த்தியது. பிரதர் நிறுவனத்தின் நூற்றுக்கணக்கான மாடல்களில், ஆலையில் இடப்படும் நிர்வாகக் கடவுச்சொல்லைச் சீரியல் எண்ணிலிருந்தே கணக்கிட்டுவிட முடிந்தது. ஏற்கெனவே விற்பனையானவற்றில் ஃபார்ம்வேரால் இதை முழுமையாகச் சரிசெய்ய இயலாததால், அக்கடவுச்சொல்லை நீங்களே மாற்றியாக வேண்டும்.

தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்திவிட்ட பழைய பிரிண்டரை உடனே மாற்ற இயலாவிடில், அதைத் தனி விலேனில் (நெட்வொர்க்கிற்குள் பிரித்து வைக்கப்பட்ட ஒரு பகுதியில்) வைத்து, அச்சுப் பணிகளைப் பெற்று அனுப்பும் பிரிண்ட் சர்வர் மட்டுமே அதனுடன் பேசுமாறு அமைத்து, அச்சுப் பணிகள் நேரடியாக வந்துசேரும் 9100 போர்ட்டைப் பிற கணினிகளுக்கு அடைத்துவிடுங்கள்.