இரண்டிலிருந்து மூன்றுக்கு: கியர் மாற்றும் சுகம் எங்கிருந்து வருகிறது?

கொழும்பில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது குதிரைவலுவை. அப்புறம், பூச்சியத்திலிருந்து நூறு கிலோமீற்றருக்கு எத்தனை செக்கன் என்று. கொழும்பு–காலி வீதியில் இரண்டு எண்களுக்கும் வேலையில்லை. நகரத்துக்குள் சட்டப்படி மணிக்கு 50 கி.மீ., தெற்கு அதிவேக நெடுஞ்சாலைக்குப் போனாலும் 100. பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் மாலை ஐந்தரைக்கு அந்த ஐம்பதே கிடைக்காது. ஆனால் அதே நெரிசலில், ஒரு கலர் லைட்டிலிருந்து அடுத்த கலர் லைட் வரை, கை கியர் லீவரை விடவே முடியாது. எஞ்சினின் முழு வலுவை எப்போதாவதுதான் தொடுவோம். கியர்பொக்ஸை நிமிடத்துக்கு நிமிடம் தொடுகிறோம். இரண்டு மெனுவல் கார்களில் எதை எடுப்பது என்று தடுமாறினால், லீவரை வைத்தே முடிவெடுக்கலாம் என்பது என் கட்சி.

சிக்கல் என்னவென்றால், அந்த உணர்வைச் சொல்ல நம்மிடம் இருப்பவை "ஸ்மூத்தா இருக்கு", "டைட்டா இருக்கு", "கியர் நல்லா விழுது" மாதிரியான பேச்சுகள்தான். கார் செய்பவர்கள் இதை அளக்கிறார்கள். லீவர் நகர நகர, கை எவ்வளவு விசை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு வரைபடம் போடுவார்கள். நியூட்ரலை விட்டு வெளியே வர ஒரு சின்ன மேடு, பிறகு இலேசான ஓட்டம், நடுவில் ஒரு பெரிய மேடு, அதைத் தாண்டியதும் திடீர்ச் சரிவு, கடைசியில் சுவர். கைக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதை இந்த மேடுகளின் உயரமும் அவற்றுக்கு இடைப்பட்ட தூரமும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அந்த நடு மேடு ஏன் இருக்கிறது என்று புரிந்தால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

கியர் போடும்போது பற்சக்கரங்கள் நகர்ந்துபோய் ஒன்றோடொன்று மாட்டுகின்றன என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். இன்றைய கார்களில் முன்னோக்கிய கியர்களின் சக்கரங்கள் எல்லாம் எப்போதுமே சோடி சோடியாகப் பிணைந்துதான் சுற்றுகின்றன. ஒவ்வொரு சோடியிலும் ஒரு சக்கரம் மட்டும் தண்டோடு இறுகாமல் அதன்மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். லீவர் நகர்த்துவது தண்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு வளையத்தை, ஸ்லீவ் என்பார்கள். அது பக்கவாட்டில் வழுக்கிப் போய், சும்மா சுற்றும் சக்கரத்தின் ஓரத்திலுள்ள சிறு பற்களைக் கவ்விக்கொண்டால் கியர் விழுந்துவிட்டது.

இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது கவ்வப் போனால் பல்லோடு பல் உரசும். அந்தக் 'கர்ர்' சத்தம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிற்காமல் ஊர்ந்து போகும் தனியார் பஸ்ஸில் ஏறுகிறவர் முதலில் பஸ்ஸோடு நாலு அடி ஓடி, அதன் வேகத்தைப் பிடித்த பிறகுதான் மிதிபலகையில் கால் வைக்கிறார். கியர்பொக்ஸுக்குள் அந்த நாலு அடியை ஓடித் தருவது சின்க்ரோ வளையம். பெரும்பாலும் பித்தளை, உட்புறம் கூம்பு வடிவம். ஸ்லீவ் தள்ளியதும் வளையம் போய்ச் சக்கரத்தின் கூம்பில் அழுந்தி உராய்கிறது, உராய்வு இரண்டின் வேகத்தையும் சமப்படுத்துகிறது. உண்மையான கெட்டித்தனம் இதற்கு அடுத்த படியில். வேக வித்தியாசம் இருக்கும்வரை அந்த உராய்வே வளையத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்திருக்கும். திரும்பிய வளையத்தின் பற்கள் ஸ்லீவின் வழியை மறிக்கும். வேகம் சமமான கணத்தில் திருப்பிய விசை இல்லாமல் போகிறது, வளையம் விலகி வழிவிடுகிறது. கை உணரும் மேடு அந்த மறியல், அடுத்து வரும் சரிவு அந்த விலகல். உள்ளே நடந்து முடிந்ததைத்தான் உள்ளங்கை 'டக்' என்று வாங்கிக்கொள்கிறது.

1928இல் கடிலாக் இந்த ஏற்பாட்டைத் தன் கார்களுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னர் கிளச்சை இரண்டு முறை மிதித்து, எஞ்சின் வேகத்தைக் காதால் கணித்து ஓட்டுநரே சமப்படுத்த வேண்டியிருந்தது.

சின்க்ரோவுக்கு எவ்வளவு வேலை என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கியர் விகிதம் என்பது வெளிச்செல்லும் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது. டொயோட்டா 86இன் முதல் கியர் விகிதம் 3.626, இரண்டாவது 2.188. முதல் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்றில் இருக்கும்போது இரண்டுக்கு மாற்றினால், அதே கார் வேகத்துக்கு 4,200 சுற்றுத்தான் தேவை. கிளச் தட்டு, உள்வரும் தண்டு, அதோடு பிணைந்த சக்கரங்கள் எல்லாவற்றையும் 2,800 சுற்று இறக்க வேண்டும், அதுவும் கண் இமைக்கும் நேரத்தில். ஐந்திலிருந்து ஆறுக்கு (1.000, 0.767) அதே 7,000இல் மாற்றினால் இறங்க வேண்டியது 1,600 அளவுதான். ஒன்று–இரண்டு கனமாகவும் மேல் கியர்கள் இலேசாகவும் தோன்றுவதற்குக் காரணம் இந்த இடைவெளி. அதனால்தான் கீழ் கியர்களுக்கு இரட்டைக் கூம்பு, மூன்று கூம்பு என்று உராயும் பரப்பைக் கூட்டி வைக்கிறார்கள். வேலையைக் கூடுதல் பரப்பு பகிர்ந்துகொள்ள, கைக்குச் சுமை குறைகிறது.

தேய்ந்த வளையத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டால் இதெல்லாம் மனதை விட்டுப் போகாது. தெமட்டகொடைப் பக்கம் ஒரு கராஜில் ஹொண்டா கியர்பொக்ஸ் ஒன்றைக் கழற்றிப் பழைய பேப்பர்மேல் பரப்பி வைத்திருந்தார்கள். பாஸ் இரண்டாம் கியரின் வளையத்தை எடுத்துக் கூம்பில் அழுத்தி, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. "பாருங்க தம்பி, இடைவெளியே இல்ல. வளையம் தேஞ்சு அடி வரைக்கும் இறங்கிட்டுது. இனி இது எதப் புடிக்கும்?" புது வளையம் கூம்பில் ஏறி நிற்கும்போது சக்கரத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். தேயத் தேய வளையம் ஆழ இறங்குகிறது. இடைவெளி தீர்ந்ததும் கூம்பை அழுத்த இடமில்லை. உட்புறம் பார்த்தால் நகத்தில் தட்டுப்பட வேண்டிய நுண்ணிய வரிப்பள்ளங்கள் மழமழவென்று போயிருந்தன. கூம்புக்கு நடுவில் சிக்கும் ஒயிலை வெட்டி வெளியேற்றுவது அந்த வரிகள்தான். அவை போனால் வளையம் ஒயில்மேல் சறுக்கும்.

சின்க்ரோவுக்கு அடுத்தது ஸ்பிரிங்குகளின் விளையாட்டு. லீவர் நகர்த்தும் தண்டுகளில் சிறு பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். ஸ்பிரிங் தள்ளும் எஃகுக் குண்டு ஒன்று பள்ளத்துக்குள் விழும்போது கியர் 'உட்கார்ந்த' உணர்வு வருகிறது. பள்ளத்தின் சரிவு செங்குத்தாக இருந்தால் கடைசிக் கொஞ்ச தூரம் லீவர் தானாகவே உள்ளே இழுபடும். இன்னொரு ஸ்பிரிங் லீவரை எப்போதும் மூன்றாம், நான்காம் கியர்கள் இருக்கும் நடுக்கோட்டுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் கியர் இடக்கை வேலை. முதலாம் இரண்டாம் கியர்கள் பயணி பக்கம், ஐந்தும் ஆறும் நம் தொடைப் பக்கம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது உள்ளங்கையைத் தளர்வாக வைத்து நேரே முன்னால் தள்ளினால் போதும், குறுக்கே நகர்வதை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். இறுக்கிப் பிடித்து இழுப்பவர்கள்தான் மூன்றுக்குப் பதில் ஐந்தில் போய் விழுகிறார்கள். எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் இந்த ஒரு மாற்றத்தைத் தளர்ந்த கையால் செய்து பாருங்கள். லீவர் தடுமாறாமல் மூன்றைக் கண்டுபிடித்தால், அந்தக் கியர்பொக்ஸைச் செய்தவர்கள் கவனமாகச் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவும் கியர்பொக்ஸுக்குள் நடப்பவை. அவை கைக்கு எந்த வழியாக வந்து சேர்கின்றன என்பதில்தான் காருக்குக் கார் பெரிய வித்தியாசம். 1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5இலும் 1999இல் வந்த ஹொண்டா எஸ்2000இலும் எஞ்சின் முன்னால் நீளவாக்கில், கியர்பொக்ஸ் அதன் பின்னால், லீவர் அந்தக் கியர்பொக்ஸின் முதுகிலேயே குத்தி நிற்கிறது. நடுவில் தரகர் யாருமில்லை. வளையம் விலகும் கணம், குண்டு பள்ளத்தில் விழும் கணம், எஞ்சினின் நடுக்கம் எல்லாம் நேரே கைக்கு. இந்த இரண்டு கார்களையும் கியர்பொக்ஸுக்காகவே புகழ்பவர்கள் இவ்வளவு பேர் இருப்பதில் ஆச்சரியமில்லை.

எஞ்சின் குறுக்கே கிடந்து முன்சக்கரங்களை ஓட்டும் முன்சக்கரக் கார்களிலும், எஞ்சின் பின்னால் இருக்கும் கார்களிலும் இந்த வசதி கிடைக்காது. நீண்ட கம்பியோ கேபிளோ வேண்டும். பழைய போர்ஷ் 911களில் லீவரிலிருந்து காரின் பின்பக்கம் வரை ஒரு நீளத் தண்டு ஓடும். 996 தலைமுறையிலிருந்து கேபிள். எஞ்சின் பின்னால், கியருக்குக் கேபிள் என்று பார்த்தால் 911உம் நம் முச்சக்கர வண்டியும் ஒரே சாதி. முச்சக்கர வண்டிக்காரர்கள் கேபிளை அடிக்கடி இறுக்குவது ஏன் என்று யோசித்தால் விஷயம் விளங்கும்: உறைக்குள் ஓடும் வயர் உராயும், உறை வளையும், நுனி இணைப்பில் மெத்தை மாதிரி உள்ள ரப்பர் புஷ் அமுங்கும். இந்தத் தளர்வையெல்லாம் நிரப்பிய பிறகுதான் விசை கியர்பொக்ஸைச் சேரும். லோட்டஸ் எலீஸ் ஓட்டியவர்கள் நீண்ட காலம் முனகியது இதைப் பற்றித்தான்.

அதற்காகக் கேபிள் என்றாலே மட்டம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பிற்கால ஹொண்டா சிவிக் டைப் ஆர் கேபிள் கார்தான். ஆனால் கியர் மாற்றத்தில் அதோடு போட்டி போடக்கூடிய கார்கள் குறைவு. கேபிளை விறைப்பாக்கி, வளைவுகளைக் குறைத்து, புஷ்களை இறுக்கமாகச் செய்தால் தளர்வு மறைந்துவிடுகிறது. போதாததற்குக் கொஞ்சம் எடை. முன்சக்கரக் கார் பலவற்றில் பொனட்டைத் திறந்து பற்றரிக்குக் கீழே எட்டிப் பார்த்தால், கியர்பொக்ஸில் கேபிள் வந்து சேரும் சிறு கையின் நுனியில் காரணமே இல்லாத மாதிரி ஓர் இரும்புக் கட்டி தொங்கும். அசையத் தொடங்கிய எடை எளிதில் நிற்காது. சின்க்ரோவின் மேட்டையும் குண்டின் மேட்டையும் அந்த உந்தம் தாண்டவைக்க, கைக்கு வழவழவென்று தெரிகிறது. லீவரின் தலையில் உலோகக் குமிழ் வைப்பதற்கும் இதே நியாயம்தான். டைப் ஆர் காரின் அலுமினியக் குமிழைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: மதியம் காலிமுகத் திடலில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் கைக்குட்டை தேவைப்படும்.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில், லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் 'ஷோர்ட் ஷிப்டர்' தேடி அலைபவர்கள் ஒரு பௌதிக விதியை ஞாபகம் வைத்தால் நல்லது. லீவரின் சுழல்புள்ளியை மாற்றித் தூரத்தைக் கால் பங்கு குறைத்தால், தேவைப்படும் விசை மூன்றில் ஒரு பங்கு கூடும். சின்க்ரோ கேட்கும் வேலை அப்படியேதான் இருக்கிறது. வாரக் கடைசியில் ஓட்டச் சுகமாக இருப்பது, திங்கட்கிழமை மருதானையில் இடத்தோளை வலிக்கவைக்கும்.

கியர்பொக்ஸ்மேல் போடப்படும் பழிகளில் கொஞ்சம் உண்மையில் எஞ்சினுடையது. புதிய கார்கள் பலவற்றில் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் சுற்று உடனே இறங்காமல் தொங்கி நிற்கும். புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கம்ப்யூட்டர் காற்று வாசலை மெதுவாக மூடுவது ஒரு காரணம், எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீல் இன்னொன்று. அடுத்த கியர் விழுந்து கிளச்சை விடும்போது சுற்று இன்னும் மேலேயே நின்றால் கார் உதறும். கை செய்தது சரி, கியர்பொக்ஸும் சரி, ஆனாலும் "கியர் சரியில்ல" என்று பெயர்.

கியர் விகிதத்தை யாரும் கேட்பதில்லை. எனக்கு அது லீவரின் உணர்வுக்குச் சமமான விஷயம். டொயோட்டா 86இல் இரண்டாம் கியரை உச்சம் வரை இழுத்தால் மணிக்கு 100 கி.மீ.யை ஒட்டி நிற்கும். போர்ஷ் 718 கேமன் ஜிடி4இல் அதே இரண்டாம் கியர் 130ஐத் தாண்டியும் போகும். அதன் லீவர் அற்புதமானது. ஆனால் நம் நாட்டுச் சட்டத்துக்குள் அதை முழு மூச்சில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்ற ஒரு பொது வீதிகூடக் கிடையாது. போர்ஷ் 2013இல் 911 ஜிடி3ஐத் தானியங்கி இரட்டைக் கிளச்சோடு மட்டும் விற்று, கேட்டவர்களின் தொல்லை தாங்காமல் 2017இல் மெனுவலைத் திரும்பக் கொண்டுவந்தது. வேகத்தில் இரட்டைக் கிளச்சை எந்தக் கையும் வெல்லாது. ஆகவே கேட்டவர்கள் கேட்டது வேகத்தை அல்ல என்பது தெளிவு.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திறந்தது. அதனால் இங்கே கைமாறும் இன்டெக்ரா, சிவிக், ஆர்எக்ஸ்-8 எல்லாம் வயதானவை. கம்பி இணைப்புள்ள பழைய ஹொண்டாக்களில் லீவர் நியூட்ரலில் கஞ்சிக்குள் விட்ட அகப்பை மாதிரி ஆடினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் புஷ் போயிருக்கும், மலிவான வேலை. ஆனால் சூடான பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது 'கர்ர்' என்றால் அது வளையம், கியர்பொக்ஸை இறக்க வேண்டிய வேலை.

குளிர்நாட்டு விமர்சனங்களில் "காலையில் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கிறது" என்று வாசித்துப் பயப்படவும் தேவையில்லை. பழைய ஃபெராரிக்காரர்கள் ஒயில் சூடாகும்வரை ஒன்றிலிருந்து நேரே மூன்றுக்குப் போவது வழக்கம். குளிர்ந்த ஒயில் தடித்து, வளையம் அதை வெட்டி வெளியேற்றத் திணறும். கொழும்பில் விடிகாலையிலும் வெப்பநிலை இருபதுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஏப்ரலில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்காக நுவரெலியா போய், 1,868 மீற்றர் உயரத்தில் விடியற்காலை காரை எடுத்தால்தான் அந்த முரண்டு என்னவென்று கைக்குத் தெரியும். நமக்கு வரும் ஒயில் பிரச்சினை வேறு. கியர் ஒயிலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று வகைகள் உண்டு. கடைக்காரர் கையில் கிடைத்த ஜிஎல்-5 ஒயிலை, "கூடின தரம்" என்று ஊற்றிவிடுவார். வலுவை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷலுக்கு அது சரி. ஆனால் அதிலுள்ள கந்தகச் சேர்மானங்கள் பித்தளையை அரிக்கக்கூடியவை. வழுக்கலும் கூட என்பதால் உராய்ந்து பிடிக்க வேண்டிய வளையம் பிடிக்காமல் நழுவும். கார்க் கையேட்டில் ஜிஎல்-4 என்றிருந்தால் ஜிஎல்-4தான். பழைய கார் ஒன்றை ஓட்டிப் பார்த்து, கியர் மட்டும் மனதுக்கு ஒட்டவில்லை என்றால், உள்ளே என்ன ஒயில் இருக்கிறது என்று கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால், சரியான ஒயிலை மாற்றிக் கொஞ்ச நாள் ஓடவிட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க விடுவாரா என்று விற்பவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.